கேபிள் போட்டாச்சு, நம்பர் எங்கே?

கேள்வி: நான் 22 ஆண்டுகளாக ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். வாடிக்கையாளர்களின் நம்பர்கள் சுமார் 900 என் செல்போனில் இருக்கின்றன. பிரீமியம் தேதிகளை லேப்டாப்பில் எக்செல் தாளில் வைத்திருக்கிறேன். ஃபோனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் போட்டோக்கள் தெரிகின்றன. ஒரு நம்பர்கூடத் தெரியவில்லை. "இது பட்ஜெட் ஃபோன் சார். அறுபதாயிரம் போட்டு வாங்கினால்தான் கம்ப்யூட்டரோடு ஒழுங்காகச் சேரும்" என்கிறார் கடைக்காரர். ஐஃபோன்தான் வாங்க வேண்டும் என்கிறான் மகன். கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகும் ஃபோனை எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? என்னுடையது விண்டோஸ் லேப்டாப்.
— ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: ஐயா, போட்டோ தெரிகிறது, நம்பர் தெரியவில்லை என்று கவனித்து எழுதியிருக்கிறீர்களே, பதிலில் பாதி அந்த ஒரு வரிக்குள்ளேயே இருக்கிறது. ஃபோன் மலிவானது என்பதுதான் காரணம் என்றால் போட்டோவும் வந்திருக்கக் கூடாது. கேபிள் வேலை செய்கிறது. லேப்டாப்பும் ஃபோனை அடையாளம் கண்டுகொள்கிறது. நம்பர் மட்டும் வரவில்லை. லட்ச ரூபாய் ஃபோனைச் செருகினாலும் உங்கள் லேப்டாப் திரையில் இதே காட்சிதான் இருக்கும்.

கேபிள் போட்டால் எல்லாம் வந்துவிட வேண்டும் என்று நினைப்பதில் தவறில்லை. ஒரு காலத்தில் அப்படித்தான் வந்தது. 1996-இல் வெளியான பாம் பைலட் என்ற கையடக்கக் கருவிக்கு ஒரு தாங்கி இருந்தது. கருவியை அதில் நிறுத்தி ஒரு பொத்தானை அழுத்தினால், அதிலுள்ள முகவரிகளும் நாட்குறிப்பும் கம்ப்யூட்டரில் இருப்பவற்றோடு ஒப்பிடப்பட்டு ஒன்றுபோல் ஆகிவிடும். இப்படி இரண்டு இடத்திலும் ஒரே தகவல் இருக்கும்படி பார்த்துக்கொள்வதைத்தான் சிங்க், அதாவது ஒத்திசைவு என்கிறோம். பின்னால் நோக்கியா ஃபோன்களுக்கு பிசி சூட் என்ற மென்பொருள் வந்தது; இத்தனை வருடத் தொழிலில் நீங்களும் அதைப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு மூலப் பதிவு கம்ப்யூட்டரில் இருந்தது. ஃபோன் அதன் நகலைச் சுமந்துகொண்டு போனது. அதனால் கேபிள் ஒன்றே போதுமானதாக இருந்தது.

இன்றைய ஆண்ட்ராய்டு ஃபோன் கேபிள் வழியே பேசும் முறை வேறு. அதற்கு எம்டிபி என்று பெயர். மீடியா டிரான்ஸ்ஃபர் புரோட்டோகால் என்பதன் சுருக்கம். புரோட்டோகால் என்பது இரண்டு கருவிகள் பேசிக்கொள்வதற்கு வகுத்த இலக்கணம். இந்த இலக்கணத்தில் படம், பாட்டு, கோப்பு ஆகியவற்றைக் கேட்கலாம், கொடுக்கலாம். 2011-இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 முதல் இதுதான் வழக்கம். அதற்கு முன்பு ஃபோனைச் செருகினால் பென் டிரைவ் போலத் தன் சேமிப்பிடத்தைக் கம்ப்யூட்டரிடம் அப்படியே ஒப்படைத்துவிடும். கேபிளை எடுக்கும்வரை ஃபோனால் அதைத் தொட முடியாது. எம்டிபி வந்த பிறகு ஃபோன் தன் வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. வந்தவரைத் திண்ணையில் உட்காரவைத்து, கேட்ட பொருளை உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கிறது.

உங்கள் 900 நம்பர்கள் திண்ணைக்கு வரும் பொருள் அல்ல. அவை ஃபோனின் உள்ளறையில் ஒரு தரவுத்தளமாக, அதாவது கட்டம் கட்டமாக அடுக்கிய தகவல் தொகுப்பாக இருக்கின்றன. கேபிளில் வருகிறவருக்கு அந்த அறையைத் திறப்பதில்லை என்பது ஃபோனை வடிவமைத்தவர்கள் யோசித்து எடுத்த முடிவு. வெளியூரில் யாருடைய கம்ப்யூட்டரிலோ சார்ஜ் போட்டுக்கொள்கிறீர்கள். அது உங்கள் வாடிக்கையாளர் பட்டியலை அள்ளிக்கொண்டு போகாமல் இருப்பது இதனால்தான். நீங்கள் குறை என்று நினைத்தது உங்களுக்கான காவல்.

அப்படியானால் நம்பர் எந்த வழியாகத்தான் லேப்டாப்புக்கு வரும்? உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. திருவாரூரில் பாலிசி எடுத்தவர் சென்னையில் ஒரு கிளையில் பிரீமியம் கட்டுகிறார். மறுநாள் திருவாரூர்க் கிளையில் கேட்டால் கட்டியாகிவிட்டது என்கிறார்கள். சென்னைக் கிளை திருவாரூருக்குப் ஃபோன் போட்டுச் சொல்லவில்லை. இரண்டு கிளைகளும் ஒரே பொதுப் பதிவேட்டைப் பார்க்கின்றன. ஃபோனும் லேப்டாப்பும் அந்த இரண்டு கிளைகள் மாதிரி. நம்பர் விஷயத்தில் அவை ஒன்றோடொன்று பேசுவதே இல்லை. இரண்டும் மூன்றாவதான ஓர் இடத்தோடு பேசுகின்றன. அந்த இடம்தான் உங்கள் கணக்கு: கூகுள் கணக்கோ, ஆப்பிளின் ஐகிளவுட் கணக்கோ, மைக்ரோசாஃப்ட் கணக்கோ. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் தனி அடையாள எண் உண்டு. ஃபோன் அவ்வப்போது "நான் போன முறை வந்த பிறகு என்னென்ன மாறியிருக்கிறது?" என்று கேட்கும், மாறியதை மட்டும் வாங்கிக்கொள்ளும், தன்னிடம் மாறியதைக் கொடுக்கும்.

ஆகவே, எந்தப் ஃபோன் என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் கணக்கு என்று முடிவு செய்ய வேண்டும். ஃபோன் மூன்று நான்கு வருடத்தில் மாறும். லேப்டாப்பும் மாறும். பதிவேடு மாறக் கூடாது.

இப்போது உங்கள் ஃபோனை எடுத்து, கான்டாக்ட்ஸ் செயலியில் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் பெயரைத் திறந்து, அது எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 22 வருடத் தொழில் என்பதால் சொல்கிறேன், ஒரு பகுதி சிம்மில் இருக்கும், ஒரு பகுதி ஃபோனிலேயே இருக்கும், அண்மையில் சேர்த்தவை மட்டும் கூகுள் கணக்கில் இருக்கும். சிம்மில் பொதுவாக 250 பெயர் அளவுக்குத்தான் இடம். பெயர், நம்பர் தவிர முகவரி, பிறந்த நாள் போன்றவற்றை வைக்க முடியாது. சிம்மில் இருப்பதும் 'ஃபோன்' என்று குறித்திருப்பதும் பதிவேட்டுக்குப் போகாதவை. என்னிடம் சிங்க் ஆகவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புதுப் ஃபோன் தேவைப்பட்டதில்லை. இந்தப் பெயர்களைக் கணக்குக்கு நகர்த்தியதும் பிரச்சினை தீர்ந்தது. கான்டாக்ட்ஸ் செயலியிலேயே சிம்மிலிருந்து இறக்குமதி செய்ய வழி இருக்கிறது. முடித்த பிறகு லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைப் பாருங்கள். 900-ம் வரிசையாக நிற்கும். ஒரே ஆள் இரண்டு மூன்று முறை வந்திருந்தால் அங்கேயே இணைத்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. லேப்டாப்பில் அவுட்லுக் என்ற அஞ்சல் மென்பொருளின் பழைய வகையை வைத்திருந்து அதில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் அஞ்சல் மட்டும்தான் வரும். நம்பர்களும் நாட்காட்டியும் வராது. இதைப் பார்த்துவிட்டும் ஃபோனைக் குறை சொல்வார்கள்.

எக்செல் தாளில் உள்ள பிரீமியம் தேதிகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு உண்மையில் அதிகம் பயன்படப்போவது இதுதான். தாளை சிஎஸ்வி ஆகச் சேமித்து, லேப்டாப்பிலிருந்து கூகுள் நாட்காட்டியில் ஏற்றலாம். சிஎஸ்வி என்பது கட்டங்களுக்குப் பதிலாகக் காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. ஏற்றுவதற்கு முன் 'பிரீமியம்' என்று புதிதாக ஒரு தனி நாட்காட்டி உண்டாக்கி அதற்குள் ஏற்றுங்கள். தவறு நேர்ந்தால் அந்த ஒன்றை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். முதலில் இரண்டே வரிகளை ஏற்றிப் பாருங்கள். ஜூன் 5 என்று நீங்கள் எழுதியது மே 6 ஆகிவிடக் கூடாது; நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் படிக்கும் வழக்கம் உள்ள நாட்டின் மென்பொருள் இது.

பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் இன்னொன்றும் பார்ப்பீர்கள். கூகுளிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் புரியாத ஐரோப்பிய எழுத்துகளும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வணிகக் குறியும் மாறி மாறி நிற்கக்கூடும். தகவல் கெட்டுப்போய்விட்டது என்று பதறி எத்தனையோ பேர் அந்தக் கோப்பை அழித்திருக்கிறார்கள். கெட்டுப்போகவில்லை. அந்தக் கோப்பு யூடிஎஃப்-8 என்ற முறையில் எழுதப்பட்டது. உலக மொழிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுத வகை செய்யும் குறியீட்டு முறை அது. அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் இடம் ஆகும். எக்செல் அந்த மூன்றையும் சேர்த்துப் படிக்காமல் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிடுகிறது. எக்செலில் 'டேட்டா' பகுதிக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வழியில் திறந்து, 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தமிழாகவே வரும்.

சரி, புதுப் ஃபோன் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால். விண்டோஸ் லேப்டாப்பும் கூகுள் கணக்கும் உள்ள உங்களுக்கு ஆண்ட்ராய்டு ஃபோன் போதும். நம்பர், நாட்காட்டி, அஞ்சல் ஆகிய மூன்றும் பதினைந்தாயிரம் ரூபாய் ஃபோனிலும் அறுபதாயிரம் ரூபாய் ஃபோனிலும் ஒரே மாதிரிதான் ஒத்திசையும். கூடுதல் விலைக்குக் கேமரா கிடைக்கும், திரை கிடைக்கும், சிலவற்றில் கேபிள் வேகமும் கிடைக்கும். அந்த வேகத்தைச் செருகுமிடத்தின் வடிவத்தை வைத்துக் கணிக்க முடியாது. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதற்குப் பின்னால் யூஎஸ்பி 2.0 இருக்கலாம், யூஎஸ்பி 3-ம் இருக்கலாம். ஐஃபோன் 15 டைப்-சி ஃபோன்தான். அதன் கேபிள் வேகம் யூஎஸ்பி 2 அளவான நொடிக்கு 480 மெகாபிட். அதே ஆண்டு வந்த 15 புரோவில், தகுந்த கேபிள் போட்டால் 10 கிகாபிட் வரை. நடைமுறையில் யூஎஸ்பி 2 வழியே 60 ஜிபி வீடியோவை இறக்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். கல்யாண வீடியோ எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். பிரீமியம் ரசீதைப் படமெடுத்து வைக்கும் உங்களுக்கு இதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பணத்தை எதற்குக் கொடுப்பேன் என்றால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டு வரும் என்பதற்கு. கணக்கோடு பேசும் செயலிகள் புதுப்பிக்கப்படும்போது மிகப் பழைய ஆண்ட்ராய்டைக் கைவிட்டுவிடும். வாடிக்கையாளரின் விவரங்களைச் சுமக்கும் ஃபோனுக்குப் பாதுகாப்பும் வேண்டும். 2023-இன் பிக்சல் 8, 2024-இன் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். குறைந்த விலைப் ஃபோன்களில் இது குறையும், ஆனால் மாடலுக்கு மாடல் வேறுபடும். கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மைக்ரோசாஃப்டின் ஃபோன் லிங்க் உங்களுக்குப் பிடிக்கும். 2018-இல் வேறு பெயரில் வந்து 2022-இல் இந்தப் பெயர் பெற்ற மென்பொருள். ஃபோன் பையில் இருக்க, லேப்டாப்பிலேயே குறுஞ்செய்தி படித்துப் பதில் அனுப்பலாம், அழைப்பு எடுக்கலாம். சாம்சங் போன்ற சில ஃபோன்களில் இதற்கான இணைப்பு முன்கூட்டியே பதிந்திருக்கும். ஐஃபோனுக்கு 2023 முதல் புளூடூத் வழியே கிடைக்கிறது, ஆனால் வசதிகள் குறைவு.

உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் மேக் கம்ப்யூட்டர் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஐஃபோனில் நகலெடுத்த வரியை மேக்கில் ஒட்டலாம், ஏர்டிராப்பில் படத்தை நொடியில் அனுப்பலாம். விண்டோஸில் இவை கிடையாது. நம்பரும் நாட்காட்டியும் ஐஃபோனிலும் ஒத்திசையும். கூகுள் கணக்கை அதன் அமைப்புகளில் சேர்த்தால் போதும். ஆக, மகன் பேச்சைக் கேட்டாலும் பதிவேடு கைவிட்டுப் போகாது.

இன்னொன்று. சிங்க் என்பது காப்புப் பிரதி ஆகாது. ஒரு முறை நான் லேப்டாப்பில் பழைய பெயர்களைக் களைகிறேன் என்று இருநூறு பேரை நீக்கினேன். அடுத்த சில நிமிடத்தில் ஃபோனிலும் அந்த இருநூறு பேர் இல்லை. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிவதும் ஒத்திசைவின் வேலைதான். கூகுள் கான்டாக்ட்ஸில் 30 நாளுக்குள் முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதி இருந்ததால் மீட்டேன். அன்றிலிருந்து மாதம் ஒருமுறை முழுப் பட்டியலையும் ஒரு கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைக்கிறேன். உங்கள் 900 பேருக்கும் அதைச் செய்யுங்கள்.

கடைக்குப் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துச் செல்லுங்கள். புதுப் ஃபோனில் உங்கள் கணக்கை நுழைத்து, 'சோதனை' என்று ஒரு பெயரைச் சேர்த்து, அது லேப்டாப்பில் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். லேப்டாப்பில் ஒரு பெயரை மாற்றி, அது ஃபோனுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். பழைய ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால், அதில் இருந்த பெயர்களின் எண்ணிக்கையும் புதியதில் வந்துசேர்ந்த எண்ணிக்கையும் ஒத்துப்போகும்வரை அதைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.