மாடிசன் ஸ்கொயர் கார்டன்: ஒரு குத்துச்சண்டை அரங்கின் வரலாறு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நியூயார்க் நகரில் 'மாடிசன் ஸ்கொயர் கார்டன்' என்னும் அரங்கம் ஒன்று உண்டு. பெயரில் சதுக்கமும் இருக்கிறது, தோட்டமும் இருக்கிறது. ஆனால் அரங்கம் இன்று அந்தச் சதுக்கத்தில் இல்லை. அங்கே தோட்டமும் இல்லை. 1879 முதல் நான்கு கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இப்பெயரைத் தாங்கி வந்துள்ளன. குத்துச்சண்டை உலகில் 'கார்டன்' என்று சொன்னாலே போதும். எந்தத் தோட்டம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இதன் வரலாற்றை வாகை சூடியவர்களின் பட்டியலாகவே எழுதிவிட முடியும். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே, ஏழைப் பிள்ளைகள் மேலேற ஒரு பெருநகரம் எத்தகைய ஏணியை வைத்திருந்தது, அதில் யாரை ஏறவிட்டது, ஏணியைப் பிடித்திருந்தவர்கள் என்ன கூலி வாங்கினார்கள் என்பதையே தேடிப் படித்தேன்.

முதல் கார்டனுக்குக் கூரையே கிடையாது. பரிசுக்காகக் குத்துச்சண்டை போடுவது அக்காலத்தில் நியூயார்க்கில் சட்ட விரோதம். 'காட்சிப் பந்தயம்' என்று பெயர் சூட்டி நடத்துவார்கள். கை ஓங்கிவிட்டால் போலீசார் மேடையேறி நிறுத்துவார்கள். 1883-இல் ஜான் எல். சல்லிவனும் இங்கிலாந்தின் சார்லி மிட்செலும் மோதிய பந்தயம் மூன்றாம் சுற்றில் அவ்வாறுதான் நின்றது. சல்லிவன், பாஸ்டன் நகரில் குடியேறிய ஐரிஷ் பெற்றோரின் மகன். ஆனால் அந்த மாவீரர் கறுப்பர்களோடு மட்டும் பட்டத்துக்கு மோத மறுத்துவிட்டார். வந்தேறிகளுக்குள்ளும் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டியவர்கள் இருந்தார்கள்!

1890-இல் எழுந்தது இரண்டாம் கட்டடம். அதன் காலம் முழுவதும் சட்டம் தள்ளாடிக்கொண்டே இருந்தது: 1896-இல் அனுமதி, 1900-இல் தடை, 1911-இல் மறுபடி அனுமதி, 1917-இல் மறுபடி தடை. 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வேடிக்கையானது. பத்துச் சுற்றுகள் மோதலாம். ஆனால் புள்ளிக் கணக்கில் வெற்றி தோல்வி அறிவிக்கக்கூடாது. எதிராளியை வீழ்த்தாவிட்டால் வென்றவர் யார் என்பதை மறுநாள் செய்தித்தாளில் பார்த்துத்தான் பந்தயம் கட்டியவர்கள் பணத்தைப் பட்டுவாடா செய்துகொள்வார்கள். தேர்வு எழுதியபின் முடிவை அறிவிக்கக்கூடாது என்று ஒரு பல்கலைக்கழகம் விதி செய்தால் எப்படி இருக்கும்!

1920-இல் வந்த வாக்கர் சட்டம் இக்குழப்பத்தைத் தீர்த்தது. உடனே டெக்ஸ் ரிக்கர்ட் என்பவர் அரங்கைக் குத்தகைக்கு எடுத்தார். சூதாட்ட விடுதி நடத்திப் பணம் பண்ணத் தெரிந்தவர் அவர். நியூயார்க்கின் கிழக்குப் பகுதிச் சேரியில் வளர்ந்த யூத இளைஞர் பென்னி லெனர்ட் 1921-இல் இங்கே தம் பட்டத்தைக் காத்துக்கொண்டார். முதற் சுற்றில் கீழே விழுந்தும் ஆறாம் சுற்றில் வென்ற பந்தயம் அது. அதே ஆண்டுகளில் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பர், ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியோடு மோத ஒரு வாய்ப்புக் கேட்டுக் காத்திருந்தார், கடைசிவரை கிடைக்கவில்லை. 1910-இல் ஜாக் ஜான்சன் என்ற கறுப்பர் வெள்ளையரான ஜெஃப்ரிசை வென்றபோது நாடெங்கும் கலவரம் மூண்டது. அந்தப் பந்தயத்தை நடத்தியவரும் ரிக்கர்ட்தான்.

1925-இல் ரிக்கர்ட், எட்டாவது அவென்யூவில் 249 நாட்களில் மூன்றாம் கார்டனைக் கட்டி முடித்தார். மாடிசன் சதுக்கத்தை விட்டு அரங்கம் வெளியேறியது அப்போதுதான். 1929-இல் அவர் இறந்தபோது உடலை இந்த அரங்கிலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

குத்துச்சண்டையின் பொற்காலம் என்று பலர் போற்றுவது இந்த மூன்றாம் கட்டடத்தின் காலத்தைத்தான். நான் ஒப்பமாட்டேன். 1947-இல் ஜேக் லாமோட்டா இங்கே பில்லி ஃபாக்சிடம் தோற்றார். அது வேண்டுமென்றே தோற்ற பந்தயம் என்று 1960-இல் அமெரிக்க செனட் விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார். பட்டத்துக்கு மோதும் வாய்ப்பைப் பெற அதுதான் அவர் கொடுத்த விலை. திறமை இருந்தும் தோற்றுக்காட்டினால்தான் அடுத்த படி! 1951-இல் ஜோ லூயி என்ன நிலையில் இங்கே வந்தார்? அலபாமாவின் குத்தகை விவசாயி மகன். பன்னிரண்டு ஆண்டு ஹெவிவெயிட் சாம்பியன். ஓய்வு பெற்ற பின்னும் வருமான வரிக் கடன் அவரை மறுபடி மேடைக்கு இழுத்துவந்தது. இத்தாலியப் பெற்றோரின் மகனான ராக்கி மார்சியானோ எட்டாம் சுற்றில் அவரைக் கயிறுகளுக்கு வெளியே விழச்செய்தார். லூயியின் கடைசிப் பந்தயம் அதுவே.

1962 மார்ச் 24-ஐப் பற்றிச் சற்று விரிவாக எழுதவேண்டும். கியூபாவில் கரும்பு வெட்டிப் பிழைத்த பென்னி பாரெட்டும், வர்ஜின் தீவுகளிலிருந்து வந்து தொப்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்த எமில் கிரிஃபித்தும் மூன்றாம் முறையாக மோதினார்கள். எடை பார்க்கும்போது பாரெட் சொன்ன இழிசொல் கிரிஃபித்தைக் கொதிக்கவைத்திருந்தது. பன்னிரண்டாம் சுற்றில் மூலையில் சிக்கிய பாரெட், கயிற்றில் சாய்ந்தபடியே அடி வாங்கினார். நடுவர் விலக்கிவிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடுகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்கள் இதை நேரடியாகப் பார்த்தார்கள். நினைவு திரும்பாமலே ஏப்ரல் 3-இல் பாரெட் இறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் வேறொரு பந்தயத்தில் அவர் கடுமையாக அடிபட்டுத் தோற்றிருந்தார். ஆறும்வரை அவருக்கு ஓய்வு தரப்படவில்லை.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். கையுறை பெரும்பாலும் காப்பது அடிப்பவரின் விரல் எலும்புகளை. அடிபட்ட மண்டையோடு சட்டென்று திரும்புகிறது. உள்ளே மிதக்கும் மூளையோ நிலைமத்தால் பின்தங்குகிறது. அந்த இழுப்பில் இரத்த நாளங்கள் கிழியலாம். பஞ்சு வைத்த கையுறை இதைத் தடுத்துவிடாது. நியூட்டனின் முதல் விதி பணக்காரர்க்கும் ஏழைக்கும் ஒன்றே; ஆனால் அதைத் தலையில் சோதித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

இப்போதைய நான்காம் கட்டடம் பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் மேல் 1968-இல் திறக்கப்பட்டது. முதல் குத்துச்சண்டை இரவிலேயே கிரிஃபித் மேடையேறினார். பட்டத்தை இத்தாலியின் பென்வெனூட்டியிடம் இழந்தார். 1970-இல் ஜோ ஃப்ரேசியர் இங்கே ஜிம்மி எல்லிசை வென்றார். இந்த எல்லிஸ்தான் 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது நேரு விளையாட்டரங்கில் அவரோடு காட்சிப் பந்தயத்தில் மோதியவர்.

1971 மார்ச் 8: அலியும் ஃப்ரேசியரும் மோதிய பந்தயம். 20,455 பேர் கூடினர். வியட்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்ததால் அலி மூன்றாண்டுகளுக்கும் மேலாக மேடையேற முடியாதிருந்தவர், வழக்கும் முடிந்திருக்கவில்லை. பதினைந்தாம் சுற்றில் ஃப்ரேசியரின் இடக்கை அலியைத் தரையில் சாய்த்தது. எழுந்து நின்றார், ஆனாலும் தீர்ப்பு ஃப்ரேசியர் பக்கமே. ஆளுக்கு 25 லட்சம் டாலர் ஊதியம். கார்டனின் மேடையில் ஒரு காலத்தில் பட்டத்துக்கு மோதவே விடப்படாத இனத்தவர் இருவர், கேட்ட ஊதியத்தைப் பெற்ற இரவு அது. பின்னர் லாஸ் வேகாஸ் சூதாட்ட மாளிகைகள் அதிகப் பணம் காட்டி பெரிய பந்தயங்களை இழுத்துக்கொண்டன.

பெண்களுக்கு நியூயார்க் மாநிலம் குத்துச்சண்டை உரிமம் வழங்கியது 1978-இல்தான். அதற்கும் வழக்காட வேண்டியிருந்தது. கார்டனில் பெண்கள் பந்தயம் இரவின் முதன்மைப் பந்தயமாக இடம்பெற மேலும் 44 ஆண்டுகள் ஆயின. 2022 ஏப்ரல் 30-இல் அயர்லாந்தின் கேட்டி டெய்லரும், போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்த அமாண்டா செரானோவும் மோதினர். நடுவர்கள் கருத்து வேறுபட்ட தீர்ப்பில் டெய்லர் வென்றார். அரங்கில் கூடியவர்கள் 19,187 பேர். 2025 ஜூலையில் அதே இருவர் அதே இடத்தில் மூன்றாம் முறை மோதியபோது, அன்றிரவின் பந்தயங்கள் அத்தனையும் பெண்களுடையவை.

1925-இல் செய்த பழைய மேடை, மூன்றாம் கட்டடத்திலிருந்து நான்காவதற்கும் வந்து 2007 வரை உழைத்தது. லூயி விழுந்ததும், பாரெட் சரிந்ததும், அலி எழுந்ததும் அந்தப் பலகைகளின் மேல்தான். இப்போது அது நியூயார்க் மாநிலத்தின் கானஸ்டோட்டா என்னும் சிற்றூரில், குத்துச்சண்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.