கோளின் ஈர்ப்பை நீங்களே கணக்கிடலாம்

ஒரு கோளின் தரையில் ஈர்ப்பு எவ்வளவு என்று அறிய இரண்டு எண்கள் போதும்: நிறை, ஆரம். நிறை இரு மடங்கானால் ஈர்ப்பும் இரு மடங்கு. ஆரம் மட்டும் இரு மடங்கானாலோ ஈர்ப்பு கால் பங்காகிவிடும். பாடப்புத்தக வழியில் ஈர்ப்பு மாறிலி, பத்தின் அடுக்குகள் என்று போனால் எங்காவது ஒரு சுழியம் தவறும். பூமியை 1 என்று வைத்துக்கொண்டு போடுங்கள், அதுதான் நல்லது.

முதலில் செவ்வாய். அதன் நிறை பூமியின் நிறையில் 0.107 பங்கு. ஆரம் 3,390 கி.மீ.; இதைப் பூமியின் ஆரமான 6,371-ஆல் வகுத்தால் 0.532. இந்த 0.532-ஐ அதனாலேயே பெருக்குங்கள்: 0.283. அவசரத்தில் விட்டுப்போவது இந்தப் படிதான். இப்போது 0.107-ஐ 0.283-ஆல் வகுத்தால் 0.378. பூமியின் 9.8-ஆல் பெருக்கினால் நொடிக்கு நொடி 3.7 மீட்டர் வேகம் கூட்டும் ஈர்ப்பு. இங்கே உங்களுக்கு 60 கிலோ காட்டும் எடை மெஷின் அங்கே 23 கிலோதான் காட்டும். உடம்பில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

ஆரத்துக்குப் பதில் விட்டம் கிடைத்தால் இரண்டு கோளுக்கும் விட்டத்தையே எடுங்கள், விகிதம் மாறாது. ஒன்றுக்கு ஆரம், மற்றதற்கு விட்டம் என்று கலந்தால் விடை நான்கு மடங்கு பிசகும்.

அடுத்து புதனைப் போட்டுப் பாருங்கள். நிறை 0.055, செவ்வாயில் ஏறத்தாழ பாதி. ஆரம் 2,440 கி.மீ., விகிதம் 0.383, வர்க்கம் 0.147. விடை 0.374, அதாவது இங்கும் அதே 3.7! நிறை பாதியாக இருந்தும் இழுப்பு குறையவில்லை. புதனின் உள்ளே பெரும்பகுதி இரும்புக் கரு. அதனால் அடர்த்தி அதிகம், உருவம் சிறிது. தரையில் நிற்பவர் மையத்துக்கு அவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறார்.

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி: அடர்த்தி விகிதத்தை ஆர விகிதத்தால் பெருக்குங்கள். புதனின் அடர்த்தி 5.43, பூமியுடையது 5.51, விகிதம் 0.985. அதை 0.383-ஆல் பெருக்கினால் 0.377. மேலே வந்த விடையோடு ஒட்டிப்போகிறது.

சனிக்குத் தரை கிடையாது. அங்கே வளி அழுத்தம் 1 பார் இருக்கும் மட்டத்தையே மேற்பரப்பாகக் கொள்வார்கள். நிறை 95.2, நடுக்கோட்டு ஆரம் 60,268 கி.மீ.; கணக்கில் 10.4 வரும். சுமார் பத்தரை மணி நேரத்தில் ஒரு சுற்று சுழன்றுவிடுவதால், நடுக்கோட்டில் உணரப்படுவது ஏறக்குறைய 9 மட்டுமே.