கூடி எண்ணலும் தனித்து எண்ணலும்

தொழிலிடங்களிற் புதுவழி வேண்டுங்கால், பலரையும் ஓரறையிற் கூட்டித் தோன்றியதைத் தோன்றியவாறே சொல்லச் செய்தல் இன்று பெருவழக்கு. இம்முறையை வகுத்தவர் அமெரிக்க விளம்பரத் தொழிலினரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் என்பார். 1953-இல் வெளிவந்த அவரது நூல் இதனை எங்கும் பரப்பிற்று. குறை கூறற்க, எண்ணங்களைப் பெருக்குக, விந்தையான எண்ணத்தையும் ஏற்க, பிறர் எண்ணத்தோடு நும்மதை இணைத்து வளர்க்க என்பன அவர் விதித்த நெறிகள் நான்கு.

கேட்டற்கு இனிய இக்கொள்கை சோதனையில் நிலைத்ததோ? 1958-இல் யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதனை அளந்தனர். கூடியிருந்த நால்வர் கூறியவற்றை ஒருபாலும், தனித்தனியே சிந்தித்த நால்வர் கூறியவற்றை ஒருங்கு தொகுத்து மறுபாலும் வைத்தனர். இருவர் கூறிய ஒரே எண்ணத்தை ஒன்றெனவே கொண்டனர். அங்ஙனம் கொண்டும் தனித்தோர் தொகையே மிக்கிருந்தது.

காரணம் யாது? ஒருவர் பேசுங்கால் ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் அவர்தம் சிந்தனை தடைப்படுகின்றது. டீல், ஸ்ட்ரோப என்னும் அறிஞர் இருவர் 1987-இல் இதனையே தலையாய காரணமாகக் காட்டினர்.

எம் மாணவர் மன்றத்திலும் இதனைக் கண்டுளேம். உரத்த குரலினர் சிலர் பேசிமுடிக்கக் கடைசி வரிசையில் இருந்தவன் வாய்திறவாதே எழுந்து போயினான். அவனொடு போன கருத்து யாதென யாம் இன்றும் அறிகிலேம்.

எனினும், கூட்டமே வேண்டா என்பது எம் கருத்தன்று. ஆஸ்பர்னும் குழுமுயற்சியைத் தனிச்சிந்தனைக்குத் துணையென்றே கொண்டார். ஆதலின், முதற்கண் ஒவ்வொருவரும் கால்மணி நேரம் தனித்திருந்து தாளில் எழுதுக. தாள்களைப் பெயரின்றித் திரட்டிப் படிக்க. அதன்பின் கூடி ஆராய்க. எண்ணம் பிறக்கத் தனிமையும், அதனைத் தேர்ந்து திருத்தக் கூட்டமும் உரியனவாம்.