முடிவு வரும் வரை

மார்பில் கட்டி தட்டுப்பட்டு, ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியாகிவிட்டது. முடிவு வரும் வரை தூக்கமில்லை; தக்பீர் கட்டினாலும் நினைவெல்லாம் கட்டியின் மேல். 'நம் ஈமானில் கோளாறோ?' என்று சகோதரிகள் சிலர் கலங்குகிறார்கள்.

இல்லை, சகோதரிகளே! 'ஹம்மு', 'ஹஸன்' இரண்டை விட்டும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதிகமாகப் பாதுகாவல் தேடி வந்ததை அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பாக புகாரியில் காண்கிறோம். நடந்து முடிந்ததற்காக வருந்துவது ஹஸன். இன்னும் வராததை எண்ணிக் கவலைப்படுவது ஹம்மு என்று உலமாக்கள் விளக்குவர். முடிவுக்குக் காத்திருப்பவளை வாட்டுவது இந்த ஹம்முதான். நாயகமே பாதுகாவல் தேடிய ஒன்று நம் உள்ளத்தில் எழுவது குற்றமாகுமா? அது எழும்போதெல்லாம் அந்த துஆவையே ஓதி வருவோம்.

தவக்குல் என்று சொல்லிச் சோதனையைத் தள்ளிப்போடுவதுதான் தவறு. மருத்துவம் செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் நாயகமே. பெண் டாக்டர் கிடைக்காவிடில், நிர்ப்பந்தத்தில் ஆண் டாக்டரிடம் தேவையான அளவு காட்ட ஷரீஅத்தில் அனுமதி உண்டு. மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல என்பதையும் அறிந்துகொள்வோம்.

நலம் விசாரிக்க வந்து, 'இன்னாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது' என்பவர்களைத் திண்ணையோடு அனுப்பிவிடலாம்! கணவன்மார்கள் முடிவு வாங்கும் நாளில் வியாபாரத்தை ஒதுக்கிவிட்டு உடன் செல்லட்டும்.