வெளிமாநிலக் குதிரை வாங்குவோருக்கு

ராஜஸ்தான் வளர்ப்பாளரிடம் போனிலும் வாட்ஸ்அப்பிலும் பேசியே மார்வாரிக் குதிரை வாங்க நினைக்கிறீர்களா? முன்பணம் அனுப்புவதற்கு முன் இவற்றைக் கவனியுங்கள்.

1. முதல் செய்தியிலேயே சவாரி செய்யப்போகிறவரின் எடை, உயரம், அனுபவம் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். கற்றுக்கொள்பவருக்குப் பொலிக்குதிரை வேண்டவே வேண்டாம். பெட்டையோ, காயடித்த ஆணோ கேளுங்கள்.

2. உயரத்தை அங்குலத்தில் சொல்வார்கள். பிடரி முடியும் மேட்டிலிருந்து தரைவரை அளப்பது அது. அளவுகோல் வைத்த படம் கேட்டு வாங்குங்கள்.

3. பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டிய வீடியோவை நம்பாதீர்கள். அன்றைய தேதியைச் சொல்லி, நிறுத்தாமல் எடுக்கச் சொல்லுங்கள். லாயத்தில் பிடிப்பது, நான்கு குளம்புகளையும் தூக்கிக் காட்டுவது, சேணம் கட்டுவது, ஏறுவது எல்லாம் அதில் வர வேண்டும். கெட்டித் தரையில் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நடை, பெருநடை இரண்டையும் பாருங்கள். நொண்டல் இருந்தாலும் மணலில் தெரியாமல் போகலாம். ஏறும்போது இரண்டு பேர் பிடித்துக்கொள்கிறார்களா என்பதும் முக்கியம்.

4. வாயில் என்ன கடிவாளம்? முள் வைத்ததென்றால் விலகிவிடுங்கள். அது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அந்த வாய் புண்பட்டும் இருக்கும்.

5. கல்யாண ஊர்வலத்தில் ஆடப் பழகியது சவாரிக்கு ஏற்றதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

6. வயதை அறிய, உதட்டை விலக்கி முன்பற்களைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதில் பால்பற்கள் எல்லாம் விழுந்து நிலைப்பற்கள் முளைத்திருக்கும்.

7. நுனி தொடும் வளைந்த காது மட்டுமே இனத்துக்குச் சான்றல்ல. தாய், தந்தை விவரமும் பதிவுச் சான்றும் கேளுங்கள். மைக்ரோசிப் இருந்தால் அதன் எண்ணை ஒப்பிடுங்கள்.

8. பரிசோதனைக்கு விற்பவரின் மருத்துவர் வேண்டாம். அதே மாவட்டத்தில் நீங்களே ஒருவரை அமர்த்துங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஹிசாரிலுள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இதைச் செய்கிறது. மனிதருக்கும் தொற்றும் நோய் இது. உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள். முடிவு வரும்வரை பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

9. லாரியில் ஏற்றும்முன், பயணத்துக்கு உடல் தகுதி உண்டென்ற கால்நடை மருத்துவரின் சான்று கட்டாயம்.

10. அங்கே என்ன தீனி, எவ்வளவு என்று கேட்டு, அதில் ஒரு மூட்டையும் உடன் அனுப்பச் சொல்லுங்கள். வந்த அன்று தண்ணீரும் உலர்புல்லும் போதும், கொள்ளு வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனி திடீரென மாறி வயிறு பிடித்தால் உயிருக்கே ஆபத்து. பழைய தீனியைச் சிறிது சிறிதாகக் குறைத்து நம் ஊர்த் தீனிக்கு மாற்றுங்கள். நோய் தொற்றாமலிருக்க, மூன்று வாரமாவது மற்றக் குதிரைகளோடு கட்டாதீர்கள்.