தாத்தாவின் ஐந்து மா

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்களுக்காக இம்மாதப் பாடத்தில் நில அளவைச் சொற்களைப் பார்ப்போம். இவை தெரியாமல் நான் பட்ட பாட்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் தந்தையார் மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர். எண்பதைத் தாண்டிய அவர் இப்போது எங்களோடு டில்லியில் இருக்கிறார். "நமக்கு அங்கே அஞ்சு மா இருக்கு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஐந்து ஏக்கர் என்றே எண்ணி வந்தேன். சென்ற ஆண்டு நிலத்தை விலைக்குக் கேட்ட சித்தப்பா மகன், ஒன்றே முக்கால் ஏக்கருக்கும் குறைவாகக் கணக்குப் போட்டு எழுதியிருந்தான். பங்காளி ஏமாற்றுகிறான் என்று எனக்குக் கோபம். காரமாக ஒரு பதில் எழுதினேன், நல்லவேளை, அனுப்பவில்லை. மே மாதம் அப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஊருக்கே போனேன்.

தஞ்சைப் பகுதியில் 100 குழி ஒரு மா; 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஆக, ஐந்து மா என்பது 1 ஏக்கர் 65 சென்ட்தான்! (குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் ஊர் வழக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) இன்றைய பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். இது உழும் ஏர் அல்ல. 100 ஏர் ஒரு ஹெக்டேர். எங்கள் பட்டாவில் 67 ஏர் இருந்தது. தம்பி ஒரு சென்ட்கூடக் குறைக்கவில்லை.

உளுந்து எடுத்த வயல் வெடித்துக் கிடந்தது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அப்பா கைத்தடியோடு வரப்பில் இறங்கிவிட்டார். பட்டாவில் புல எண் மட்டுமே உண்டு. அவர் வாயிலோ ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர். புளியடி ரெண்டு மா, மடைவாய் ரெண்டு மா, பள்ளத்து மா. வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் நுழையும் வழி மடை. மிஞ்சிய நீர் வெளியேறுவது வடிகால். புளியமரம் இப்போது இல்லை.

"பள்ளத்து மாவிலே குறுவை போடமாட்டோம். அறுப்பு நேரத்திலே ஐப்பசி மழை பிடிச்சா கதிர் முழுகிடும்" என்றார்.

கூட வந்த குத்தகைக்காரர் நின்றுவிட்டார். "இந்தப் பேரே எனக்குத் தெரியாதுங்க ஐயா. ரெண்டு வருசம் குறுவை போட்டு அழுகவிட்டேன்."

அந்தக் காலத்தில் கர்ணம் எழுதிய கணக்கை, 1980க்குப் பின் கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். அடங்கலில் பயிரின் பெயர் வரும். பள்ளத்து மா வராது. ஆகவே என் மகள் தன் நோட்டில் படம் வரைந்து, தாத்தா சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதிக்கொண்டாள். நிலத்தை விற்பது பற்றித் தம்பியோடு இன்னும் பேசி முடிக்கவில்லை.

பயிற்சி: ஏழு மா எத்தனை சென்ட்? உங்கள் வீட்டுப் பெரியவர் வளர்ந்த ஊரில் வயல்களுக்கு என்னென்ன பெயர்கள், ஏன் அப்படி வந்தன என்று கேட்டு, அடுத்த ஞாயிறு வகுப்புக்கு எழுதி வருக.