கிணற்று நீரும் ஆலை வேலையும்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்துப் பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடா என்னும் சிற்றூர் உள்ளது. எரவாளர், மலசர் ஆகிய பழங்குடியினர் இங்கு வாழ்கின்றனர். அவர்தம் வீட்டுப் பேச்சில் தமிழின் சாயல் மிகுதி.

2000ஆம் ஆண்டு இவ்வூரில் கோகோ கோலா நிறுவனம் குளிர்பான ஆலையைத் தொடங்கியது. ஊராட்சியே உரிமம் வழங்கியது. மழை குறைந்த அப்பகுதியில் நூற்றுக்கணக்கானோர்க்கு வேலை கிடைத்தது. ஊராட்சிக்கு வரியும் வந்தது. இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆயினும், ஓரிரு ஆண்டுகளுக்குள் அருகிலிருந்த கிணறுகள் வற்றின என்றும், எஞ்சிய நீர் சோறாக்கவும் உதவவில்லை என்றும் மக்கள் முறையிட்டனர். ஆலைக் கசடு உரம் என்று உழவர்க்கு அளிக்கப்பட்டது. 2003இல் அதனைச் சோதித்தபோது காட்மியம், காரீயம் ஆகிய நச்சு உலோகங்கள் அதில் இருப்பது தெரியவந்தது. பெண்கள் குடமேந்தித் தொலைவிலிருந்து நீர் சுமந்தனர். அதனால் அன்றாடக் கூலியை இழந்தனர். அந்த இழப்பு ஆலையின் கணக்கேட்டில் எழுதப்படவில்லை.

2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர் குலத்து மயிலம்மா முன்னின்றார். மறு ஆண்டு ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. தனக்கு வரும் வரியையே விட்டுக்கொடுத்த துணிவு அது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2010இல் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, மக்களுக்கு நேர்ந்த இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என மதிப்பிட்டது. கிணறும் கெட்டது, வேலையும் போயிற்று.

இரண்டையும் காக்க வழி உண்டா? பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கிழக்கே சென்றால் திருப்பூர். அங்குப் பின்னலாடைக்குச் சாயமேற்றிய கழிவுநீர் நொய்யலாற்றில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணை நீர் பாசனத்திற்கு உதவாததாயிற்று. உழவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலையிழந்தனர். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறையை நிறைவேற்றிய ஆலைகளே பின்னர் இயங்க இசைவு பெற்றன. கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மை செய்வர். பின்பு மிக நுண்ணிய துளைகளையுடைய சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்துவர். பிரியும் நன்னீர் மீண்டும் சாயத்தொட்டிக்குச் செல்லும். உப்புக் கரைசலும் சாயமேற்றவே பயன்படும். இதற்கு மின்செலவு மிகுதி. அது சாயக்கூலியில் சேர்கிறது. ஆயினும் ஏற்றுமதி நின்றுவிடவில்லை, வளர்ந்தது. இறுதியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்செய்வது என்பதுதான் தீராச் சிக்கல். அது மூட்டை மூட்டையாகக் கிடங்குகளில் கிடக்கிறது.

அருஞ்சொற்பொருள்: கசடு – கழிவில் அடியில் தங்கும் சேறு, இசைவு – அனுமதி.

வினா: பிளாச்சிமடா ஆலையின் கணக்கேட்டில் இடம்பெறாத செலவுகள் யாவை? திருப்பூரில் அத்தகைய செலவை இன்று யார் ஏற்கின்றனர்?